ஓட்டமும் மடிப்பிச்சையும்

மும்பையில் டிசம்பர் பிறந்துவிட்டால் ஆபீஸ் மெயில்பெட்டியில் ஒரு குறிப்பிட்ட வகைக் கடிதம் குவிய ஆரம்பிக்கும். "ஜனவரியில் நான் மராத்தான் ஓடப்போகிறேன். இன்ன குழந்தைகளுக்காக, இன்ன ஆஸ்பத்திரிக்காக ஓடுகிறேன். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்." கீழே ஒரு சுட்டி. அதைத் தட்டினால் கடிதம் அனுப்பியவர் டீஷர்ட்டோடு சிரிக்கும் போட்டோ. இன்னும் எவ்வளவு வசூலாக வேண்டும் என்று காட்டும் ஒரு பட்டை.

நானும் இப்படிக் கடிதம் அனுப்புகிற ஜாதிதான் மக்களே. அதனால் இதற்கு வரும் பதில் கேள்விகளும் எனக்கு மனப்பாடம். அதில் தலையாய கேள்வி இதுதான்: "ஓடப்போறது நீ. உடம்பு இளைக்கப்போறதும் நீ. அதுக்கு நான் எதுக்குப்பா காசு குடுக்கணும்?"

கிண்டலாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி. நான் ஓடினால் யாருக்கும் சோறு வேகாது, மருந்து வாங்க முடியாது. ஓடாமலே அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமே? ஓட்டத்துக்கும் தர்மத்துக்கும் யார் எப்போது முடிச்சுப் போட்டார்கள்? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நூறு வருஷத்துக்கு மேல் நீளும் கதையாக இருந்தது. சரி, கொசுவத்தியைச் சுத்துவோம்.

முதல் வசூல்

நவீன மராத்தான் 1896-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிறந்தது. மராத்தான் போர்க்களத்திலிருந்து ஏதென்சுக்கு ஓடிவந்து வெற்றிச் செய்தி சொல்லிவிட்டு உயிரைவிட்ட வீரனின் பழங்கதை நமக்குத் தெரியும். அதை ஒரு பந்தயமாக வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் மிஷேல் ப்ரெயால் என்ற பிரெஞ்சு மொழியியல் அறிஞர். தூரம் சுமார் 40 கிலோமீட்டர். ஜெயித்தவர் ஸ்பிரிடான் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்ற கிரேக்கர். அடுத்த வருஷமே, 1897-ல், அமெரிக்காவில் பாஸ்டன் மராத்தான் தொடங்கிவிட்டது. இதிலெல்லாம் தர்மம் எதுவும் கிடையாது. சுத்தமான பந்தயம்.

1908 லண்டன் ஒலிம்பிக்கில்தான் நம் கதை தொடங்குகிறது என்பது என் கட்சி. இன்று எல்லோரும் ஓடுகிற 42.195 கிலோமீட்டர் என்ற விநோதக் கணக்கு வந்ததும் அங்கேதான். வின்ட்சர் கோட்டையில் ஆரம்பித்து, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்த மாடத்துக்கு எதிரே முடித்ததில் வந்த தூரம் அது.

அந்த ஓட்டத்தில் டொராண்டோ பியத்ரி என்ற இத்தாலியர் முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். மிட்டாய்க்கடையில் வேலை பார்த்தவர். உள்ளே வந்தவருக்குத் திசை தெரியவில்லை, தவறான பக்கம் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசிச் சில நூறு மீட்டரைக் கடக்கப் பத்து நிமிஷம் ஆனது. பார்க்கச் சகிக்காமல் அதிகாரிகள் கைத்தாங்கலாகப் பிடித்துக் கோட்டைத் தாண்டவைத்தார்கள். உதவி பெற்றதால் தகுதி நீக்கம். தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேஸுக்குப் போனது.

மறுநாள் ராணி அலெக்ஸாண்ட்ரா அவருக்கு ஒரு கோப்பை கொடுத்தார். அந்த ஓட்டத்தை நேரில் பார்த்து டெய்லி மெயில் பத்திரிகைக்கு எழுதியவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில். பியத்ரி சொந்த ஊரில் ஒரு பேக்கரி வைக்க உதவுவோம் என்று அவர் எழுத, தானே 5 பவுண்டு போட்டுத் தொடங்கிய வசூல் 300 பவுண்டைத் தாண்டியது.

ஓடியவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பார்த்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை, கொடுத்தார்கள். ஒரு மனிதன் தன் உடம்பைத் தாண்டி முயல்வதைப் பார்த்தால் பார்ப்பவர் கை தானாகப் பைக்குள் போகும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஓடுகிறவரே அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த இன்னும் 38 வருஷம் ஆனது.

நாட்டுக்காக ஓடியவர்

ஸ்டிலியனோஸ் கிரியாகிடிஸ். இந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. தினமும் ஓடுகிற என் நண்பர்களிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது.

இவர் கிரேக்க ஓட்டக்காரர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடியவர். 1938-ல் பாஸ்டனுக்குப் போய், காலில் கொப்புளம் கண்டு பாதியில் நின்றவர். பிறகு உலகப்போர் வந்தது. ஜெர்மானியர் பிடியில் இருந்த கிரீஸில், 1941-42 குளிர்காலத்துப் பஞ்சத்தில் மட்டும் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். போர் முடிந்தும் விடியவில்லை. உள்நாட்டுச் சண்டை, பசி.

1946-ல், 36 வயதில், மனைவி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அவர் மறுபடி பாஸ்டனுக்குக் கிளம்பினார். பயணச் செலவுக்காக வீட்டுச் சாமான்களை விற்றார் என்பார்கள். பாஸ்டன் மருத்துவர்கள் இந்த எலும்புக்கூட்டை ஓடவிடவே தயங்கினார்கள். ஓடினார். ஜெயித்தார். நேரம் 2 மணி 29 நிமிஷம் 27 விநாடி. இரண்டாவதாக வந்தவர் அவருடைய பழைய நண்பரும் அமெரிக்காவின் செல்லப்பிள்ளையுமான ஜான் கெல்லி.

ஜெயித்த கையோடு ஊர் திரும்பியிருந்தால் அவர் வெறும் சாம்பியன். திரும்பவில்லை. அமெரிக்காவிலேயே தங்கி, ஊர் ஊராகப் போய்த் தன் நாட்டின் பசியைச் சொல்லி வசூல் செய்தார். சுமார் 2.5 லட்சம் டாலர் சேர்ந்தது. உணவும் மருந்தும் துணியும் கப்பலில் போயின. அவர் ஏதென்ஸ் திரும்பிய நாளில் ஜனக்கடல் தெருவில் திரண்டது. போருக்குப் பிறகு முதல் தடவையாக அக்ரோபொலிஸில் விளக்கேற்றினார்கள்.

மராத்தானை ஒரு தர்ம காரியத்துக்காகவே ஓடிய முதல் ஆள் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். பாஸ்டன் பந்தயம் தொடங்கும் ஹாப்கின்டனுக்குப் பக்கத்தில் 2006-ல் ஒரு சிலை வைத்தார்கள். முன்னோடி ஸ்பிரிடான் லூயிஸ் வழிகாட்ட, கிரியாகிடிஸ் ஓடுகிற மாதிரி.

ஒரு நாளைக்கு ஒரு மராத்தான்

அடுத்தது 1953. போர்ட்டோ ரிக்கோ தீவில் 'டிப்ளோ' என்று எல்லோரும் அழைத்த ராமோன் ரிவேரோ என்ற நகைச்சுவை நடிகர், புற்றுநோய் சங்கத்துக்குப் பணம் திரட்டுவதற்காக ஸான் ஹுவானிலிருந்து போன்ஸ் வரை சுமார் 80 மைல் நடந்தார். நம்மூர் வடிவேலு மதுரையிலிருந்து திருச்சிக்கு நடந்தால் எப்படி இருக்கும், அப்படி. வழியெல்லாம் ஜனம், வழியெல்லாம் வசூல்.

ஆனால் இந்தக் கதையின் உச்சம் டெர்ரி ஃபாக்ஸ்தான்.

கனடாக்காரர், 1958-ல் பிறந்தவர். 18 வயதில் எலும்புப் புற்றுநோய். 1977-ல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சிகிச்சைக் காலத்தில் கூட இருந்த சின்னப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கக் கனடாவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை ஓடுவது என்று முடிவு செய்தார். செயற்கைக் காலோடு!

வீட்டில் முதலில் முழுத் திட்டத்தையும் சொல்லவில்லை. தெரிந்ததும் அம்மா பெட்டிக்குக் கோபம். எந்த அம்மாவுக்குத்தான் வராது? பிறகு அந்தக் குடும்பமே அவர் பின்னால் நின்றது. 1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் ஓட்டம் தொடங்கியது. நண்பர் டக் ஆல்வர்ட் வேன் ஓட்டினார். சமையல், தண்ணீர், தங்கல் எல்லாம் அந்த வேனில்தான்.

தினமும் ஏறக்குறைய ஒரு முழு மராத்தான் தூரம். சில வாரங்களிலேயே நண்பர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத அளவுக்குச் சண்டை. களைப்பு, வலி, ஒரே வேனில் இருபத்து நாலு மணி நேரமும். யாராக இருந்தாலும் முட்டிக்கொள்ளத்தான் செய்யும். பெற்றோர் வந்து சமாதானம் பேசினார்கள். நடுவில் ஒரு பாலம் வேண்டும் என்று 17 வயது தம்பி டேரலை அனுப்பினார்கள். சாதனைப் புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். அந்த ஒரு பெயர் ஓட, வேனுக்குள் இவ்வளவு நடக்கவேண்டியிருக்கிறது.

143 நாள். 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே ஊருக்கு வெளியே நிற்கவேண்டியதாயிற்று. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28 அன்று இறந்தார். 22 வயது.

அவர் வைத்த இலக்கு, ஒவ்வொரு கனடாக்காரருக்கும் ஒரு டாலர். 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 லட்சம் டாலர் சேர்ந்தது. அப்போது கனடாவின் ஜனத்தொகை சுமார் 2 கோடியே 40 லட்சம். கணக்கு நேர்! அந்த வருஷம் செப்டம்பரில் முதல் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் நடந்தது. அப்புறம் எத்தனையோ நாடுகளுக்குப் பரவி, இதுவரை 80 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. தன் ஓட்டத்தை விளம்பரமாக்கிக்கொள்ள வந்த கம்பெனிகளை அவர் அண்டவிடவில்லை. இன்றும் அவர் பெயரில் நடக்கும் ஓட்டத்தில் கம்பெனி விளம்பரத்துக்கு இடம் கிடையாது. இது பரிசு இல்லாத, நேரம் பார்க்காத ஓட்டம். முடிந்தவர் ஓடலாம், முடியாதவர் நடக்கலாம்.

தொழிலாக மாறியது

டெர்ரி இறப்பதற்கு மூன்று மாசம் முன்னால், 1981 மார்ச் 29 அன்று, முதல் லண்டன் மராத்தான் நடந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் தங்கம் வாங்கிய கிறிஸ் ப்ராஷர், நண்பர் ஜான் டிஸ்லியோடு சேர்ந்து ஆரம்பித்தது. 1979-ல் நியூயார்க்கில் ஓடிவிட்டு வந்து, ஒரு நகரமே சேர்ந்து சிரிக்க முடியுமா, லண்டனில் இது நடக்குமா என்று ஏங்கியதன் விளைவு. முதல் வருஷம் 6,255 பேர் ஓடி முடித்தார்கள். முன்னால் வந்த அமெரிக்கரும் நார்வேக்காரரும் கையைக் கோத்துக்கொண்டு ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள்.

இடம் கிடைப்பது குதிரைக்கொம்பான பிறகு 1993-ல் ஒரு யோசனை வந்தது. தர்ம அமைப்புகள் ஓட்ட இடங்களைக் காசு கொடுத்து முன்பதிவு செய்துகொள்ளும். ஓட ஆசைப்படுகிறவர்கள் "இவ்வளவு திரட்டித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்து அந்த இடத்தை வாங்கிக்கொள்ளலாம். 2019-க்குள் லண்டன் மராத்தான் வழியாக 100 கோடி பவுண்டுக்கு மேல் தர்மத்துக்குப் போயிருந்தது.

அமெரிக்காவில் இதே வேலையை ஒரு அப்பா தொடங்கிவைத்தார். ப்ரூஸ் க்ளேலண்ட் என்பவரின் இரண்டு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். 1988-ல் நண்பர்களையும் தெரிந்தவர்களையும் சேர்த்து 38 பேராக நியூயார்க் மராத்தான் ஓடி, 3 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். ஓடத் தெரியாதவருக்குப் பயிற்சி கொடுத்து ஓடவைப்பது, பதிலுக்கு அவர் பணம் திரட்டித் தருவது என்ற முறை அங்கிருந்து வளர்ந்தது. 1989-ல் பாஸ்டனும் தன் தர்மத் திட்டத்தைத் தொடங்கியது.

நம்ம பாட்டையா

இங்கிலாந்து வரை வந்துவிட்டு ஃபௌஜா சிங்கைப் பார்க்காமல் போனால் பாவம். ஜலந்தர் பக்கம் பியாஸ் பிண்ட் கிராமத்து விவசாயி. 1911-ல் பிறந்ததாகப் பாஸ்போர்ட் சொன்னது. 1992-ல் மனைவி போனார். 1994-ல் கண்ணெதிரே ஒரு மகன் விபத்தில் போனார். அந்தத் துக்கத்திலிருந்து தப்பிக்கத்தான், லண்டனில் இன்னொரு மகன் வீட்டில் இருந்தபடி, எண்பது வயசுக்கு மேல் ஓட ஆரம்பித்தார்.

2000-ல், 89 வயதில், முதல் லண்டன் மராத்தான். குறைமாசத்தில் பிறக்கும் சிசுக்களுக்கான ஒரு அமைப்புக்காக ஓடினார். உலகத்தில் ரொம்ப வயசானவர், உலகத்தில் ரொம்பச் சின்னவர்களுக்காக! 2011-ல் டொராண்டோவில் நூறு வயதில் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ்காரர்கள் ஏற்கவில்லை. 1911-ல் பஞ்சாப் கிராமத்தில் யார் ஐயா சான்றிதழ் கொடுத்தது? 2013-ல் ஹாங்காங்கில் 10 கிலோமீட்டர் ஓடிவிட்டுப் போட்டிகளுக்கு விடை கொடுத்தார். 2025 ஜூலை 14 அன்று சொந்தக் கிராமத்துச் சாலையில் ஒரு கார் மோதி இறந்துபோனார். படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

மும்பைக்கு வருவோம்

மும்பை மராத்தான் 2004 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. நடத்தியவர்கள் ப்ரோகேம் கம்பெனியின் அனில் சிங், விவேக் சிங் சகோதரர்கள். முதலில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் பெயரிலும், 2018-லிருந்து டாடா பெயரிலும் நடந்துவருகிறது. லண்டன் மாதிரியே இங்கும் தர்ம அமைப்புகளுக்கு ஓட்ட எண்கள் உண்டு. முழு மராத்தானும் அரை மராத்தானும் ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். ஆறு கிலோமீட்டர் 'ட்ரீம் ரன்'னில் வேஷம் கட்டிக்கொண்டு அட்டைகளோடு நடக்கிறவர்கள் இன்னொரு பக்கம். சீனியர் சிட்டிசன்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் தனி ஓட்டம். ஒவ்வொரு வருஷமும் பல கோடி ரூபாய் நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்குப் பிரிந்து போகிறது.

நான் இதற்குள் எப்படி வந்தேன் என்றால், என் பெரியப்பாவால். ஊரிலிருந்து (பேராவூரணிப் பக்கம்) சிகிச்சைக்காக மும்பை வந்தவர் செம்பூரில் எங்கள் ஒற்றை பெட்ரூம் வீட்டில் நாலு மாசம் தங்கினார். பரேலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம், டாடா மெமோரியல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து நடைபாதையில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பவர்களைப் பார்ப்போம். பீகார், வங்காளம், அஸ்ஸாம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். 1941-ல் திறந்த ஆஸ்பத்திரி அது. டோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931-ல் ரத்தப் புற்றுநோயில் இறந்த துக்கத்திலிருந்து முளைத்தது. வைத்தியம் அங்கே கிடைக்கும். ராத்திரி தலைசாய்க்க இடம்தான் கிடைக்காது. கீமோ ஏற்றிய குழந்தை மழையில் தார்ப்பாயின் கீழ் தூங்குவதைப் பார்த்து பெரியப்பா ஒருநாள் சொன்னார்: "எனக்கு உன் வீடு இருக்கு. இதுகளுக்கு யாருடா இருக்கா?"

பெரியப்பா இப்போது இல்லை. அந்தக் கேள்வி இருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்களைத் தங்கவைக்கும் ஒரு சின்ன அமைப்புக்காக நான் மூன்று தடவை அரை மராத்தானும், ஒரு தடவை முழு மராத்தானும் ஓடியிருக்கிறேன்.

முழு மராத்தானுக்கு ஆறு மாசத் தயாரிப்பு. ஞாயிறு காலை நாலு மணிக்கு நான் செருப்பைத் தேடும் சத்தத்தில் வீடே எழுந்துவிடும். தங்கமணி திட்டிக்கொண்டே ராகிக் கஞ்சி காய்ச்சி வைப்பார். ஓட்டத்தன்று மராத்தி நண்பர் ஒருத்தர் விடிகாலை மூன்று மணிக்குத் தன் காரில் கொண்டுபோய் விட்டார். மாஹிம் பக்கம் தங்கமணியும் மகளும் "அப்பா ஓடு" என்று தமிழில் எழுதிய அட்டையோடு நின்றார்கள். பக்கத்தில் இருந்த குஜராத்தி மாமி அது என்ன எழுத்து என்று விசாரித்துவிட்டு அவரும் "அப்பா ஓது, அப்பா ஓது" என்று கத்தினாராம். திரும்பி வரும்போது, முப்பத்தைந்து கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும் பெடர் ரோடு ஏற்றம் இருக்கிறதே, சாதாரண நாளில் காரில் போனால் கண்ணுக்கே தெரியாது. அன்றைக்கு இமயமலை. முன்பின் தெரியாத ஜனங்கள் ஆரஞ்சுச் சுளையும் பிஸ்கட்டும் நீட்டினார்கள். இல்லாவிட்டால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

கேட்பது என்ற கலை

ஓடுவதைவிடக் கஷ்டம், கேட்பது. முதல் தடவை அந்த மெயிலை எழுதிவிட்டு 'அனுப்பு' பட்டனைத் தட்ட எனக்கு மூன்று நாள் ஆனது. "சம்பளம் வாங்குறவன், கையேந்தலாமா?" என்று உள்ளே ஒரு குரல்.

அப்போதுதான் ஊர் ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வேண்டிக்கொண்ட தாய், வசதி இருந்தாலும், முந்தானையை ஏந்தி வீடு வீடாகப் போய் மடிப்பிச்சை எடுப்பாள். புரட்டாசி சனிக்கிழமையில் நாமம் போட்டுச் சொம்பு ஏந்தி "கோவிந்தா" என்று வாசலில் நிற்பவர்களில் நிலபுலன் உள்ளவரும் உண்டு. அவருக்கு அரிசி வாங்கக் காசில்லாமலா? சொந்தக் காசை உண்டியலில் போட்டால் வேண்டுதல் நிறைவேறாது. நான்கு பேர் வாசலில் தாழ்ந்து நின்று கேட்டு, அவர்கள் போட்ட பிடி அரிசியும் சேர்ந்தால்தான் கணக்கு. அதில் அகம்பாவம் கழிகிறது. கொடுத்தவருக்கும் அந்த வேண்டுதலில் பங்கு வந்துவிடுகிறது.

நடையும் நமக்குப் புதிதில்லை. செட்டிநாட்டிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார் யாத்திரை பல நூற்றாண்டுப் பழக்கம். உடம்பை வருத்துவதும், கேட்டு வாங்கிச் சேர்ப்பதும் இரண்டுமே நம்மிடம் இருந்தவை. லண்டன்காரர்கள் இரண்டையும் ஒரே டீஷர்ட்டில் அச்சடித்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் இருக்கிறது. கிறிஸ்டோஃபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர் என்ற இரண்டு பேர் 2013-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு தர்ம காரியத்துக்காகப் பிக்னிக் போகலாம் என்றால் கொடுப்பதைவிட, ஐந்து மைல் ஓடவேண்டும் என்றால் அதிகம் கொடுக்க மக்கள் தயாராக இருக்கிறார்கள் என்று கண்டார்கள். வலி சேர்ந்தால் கொடைக்கு அர்த்தம் கூடிவிடுகிறதாம். சமயபுரத்தில் தீச்சட்டி எடுப்பவரைக் கேட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்பார். ஹிஹி.

ஆனால் எங்கள் பக்கத்து மொய் விருந்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆடி மாசம் பேராவூரணி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் போனால் பார்க்கலாம். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள், நோட்டில் எழுதுவார்கள். வாங்கியதைத் திருப்பிச் செய்தே ஆகவேண்டும். அது ஊர் சேர்ந்து கொடுக்கும் வட்டியில்லாக் கடன். மராத்தான் வசூலில் திருப்பிச் செய்ய ஏதுமில்லை என்று நினைத்தேன். அம்மா விடவில்லை. யார் யார் எவ்வளவு என்று போனில் கேட்டு, வீட்டு மொய் நோட்டில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிவைத்திருக்கிறார். "நாளைக்கு அவுக பிள்ளை ஓடுனா நாம செய்யணும்ல?" கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை. செய்துகொண்டுதான் இருக்கிறேன். சென்ற வருஷம் மட்டும் நான்கு பிள்ளைகள் ஓடினார்கள்!

மறுபக்கம்

எல்லாம் சரி, குறையே இல்லையா? இருக்கிறது. போட்டோவுக்காக ஓடி, வசூலை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. கம்பெனி கட்டணத்தில் குரூப்பாகப் போய்ச் செல்ஃபி எடுத்து, எந்த அமைப்புக்காகப் போனோம் என்றே தெரியாமல் திரும்புகிறவர்கள் உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்த, பணக்கார நண்பர்கள் உள்ள ஆளின் அமைப்புக்கு லட்சங்கள் சேரும். அதைவிட நல்ல வேலை செய்யும் கிராமத்து அமைப்புக்கு ஓட ஆளே இருக்காது. டெர்ரி ஃபாக்ஸ் விளம்பரத்தை ஒதுக்கிவைத்ததன் நியாயம் இங்கேதான் புரிகிறது. ஆனால் விளம்பரதாரர் இல்லாமல் இவ்வளவு பெரிய நகரத்தின் சாலைகளை மூடி இவ்வளவு பேரை ஓடவைக்கவும் முடியாது. இரண்டும் உண்மை.

ஆகவே அடுத்த டிசம்பரில் அப்படி ஒரு மெயில் வந்தால், கொடுப்பதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பணம் ஓடுகிறவர் கைக்குப் போகிறதா, நேரே அமைப்புக்கா? நேரே போகவேண்டும். ரசீது அமைப்பின் பெயரில் வரவேண்டும்.

இரண்டு, அந்த அமைப்பு என்ன செய்கிறது என்று ஓடுகிறவருக்கே தெரிகிறதா? போனில் கேளுங்கள். இரண்டு நிமிஷம் விடாமல் பேசினால் நம்பிக் கொடுக்கலாம்.

மூன்று, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது.

நான்கு, அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பையனுக்கு. இந்தியக் குடியுரிமை இருந்தால் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுக்கலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ பதிவுள்ள அமைப்புகள் மட்டுமே, அதற்கென்று டெல்லியில் வைத்திருக்கும் ஸ்டேட் வங்கிக் கணக்கில் மட்டுமே வாங்கலாம். நான் ஓடிய சின்ன அமைப்புக்கு அந்தப் பதிவு இல்லை. தம்பி ஆசையாக அனுப்பவிருந்த டாலர் அனுப்பப்படாமலே நின்றது. அவன் பெயரில் இங்கே இருக்கும் அவன் அம்மா 501 ரூபாய் கொடுத்தார்.

அந்தத் தடவை 87 பேர் கொடுத்தார்கள். ஆகக் குறைந்த தொகை எங்கள் கட்டிடத்து வாட்ச்மேன் கொடுத்த ஐம்பது ரூபாய். வேண்டாம் என்றேன். "நீங்க மட்டும் ஓடலாம், நான் குடுக்கக்கூடாதா சார்?" என்று இந்தியில் கேட்டார். வாங்கி, ரசீது போட்டுக் கொடுத்தேன். மொத்தப் பணமும் மூன்று குடும்பங்களைச் சிகிச்சை முடியும்வரை தங்கவைக்கப் போதுமானதாக இருந்தது என்று அமைப்பிலிருந்து எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு தாயும் ஏழு வயசுப் பையனும்.

பி.கு: வருகிற ஜனவரிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். சுட்டி விரைவில் வரும். தப்பித்துவிடலாம் என்று கனவு காணவேண்டாம். மொய் நோட்டு அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது.